ஐந்தருவிச் சாலையில் ஒரு வேலிப் பூவும் நான் சொன்ன வைத்தியமும்

குற்றாலத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போகிறவன் நான். 1963-ல் மட்டும் இரண்டு தடவை போனேன். முதல் தடவை ஆனி மாதக் கடைசியில், எல்லாரையும் போலச் சீசனுக்கு. இரண்டாம் தடவை ஐப்பசியில், தீபாவளி கழிந்து மூன்றாம் நாள், ஆனியில் வாயால் செய்து வைத்த காரியத்தைச் சரிசெய்ய. குற்றாலம் போக நினைப்பவர்களுக்கு வழி, நேரம், செலவு எல்லாம் இதில் இருக்கிறது. கூடவே என் வெட்கக்கேடும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

முதலில் என்னைப் பற்றி. சுரண்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு பாஸ். ஒன்பதாம் வகுப்பைப் பற்றிக் கேட்க வேண்டாம். பொட்டலம் மடிக்கப் பழைய பத்திரிகைகளை எடைக்கு வாங்குவேன். வியாபாரம் ஓய்ந்த மத்தியான நேரத்தில் அவற்றைப் படிப்பேன். அதிலும் மூலிகை வைத்தியப் பக்கம் வந்தால் விடமாட்டேன். இதில் ஒரு சங்கடம் உண்டு. பாதிப் பக்கம் ஏற்கெனவே யாரோ வாங்கிய துவரம் பருப்போடு போயிருக்கும். அதனால் எனக்கு நூறு வியாதிக்கு மருந்து தெரியும். எல்லாமே பாதி பாதி. இந்தப் பாதியை வைத்துக்கொண்டே கடைக்கு வருகிறவர்களிடம் இருபது வருஷமாக வைத்தியம் பேசிவந்தேன். யாரும் செத்ததாகத் தகவல் இல்லை என்பதால் எனக்குத் தைரியம் கூடிப் போயிருந்தது.

என் மூத்த மகள் கோமதி பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் பி.எஸ்ஸி. முதல் வருஷம் படிக்கிறாள். முப்பது செடிகளைப் பறித்து, காகிதத்துக்கு இடையில் அமுக்கிக் காயவைத்து, ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "செடிதானே, குற்றாலத்துல அப்பா காட்டித் தருதேன் வா" என்று கிளம்பினேன். என் மனைவி கடையைப் பார்த்துக்கொண்டாள். போகும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "புள்ள படிக்கப் போகுது. நீங்க பாடம் நடத்தாதிய."

காலை ஆறரை மணிக்குச் சுரண்டையில் பஸ். தென்காசி பதினோரு மைல். ஆளுக்கு 45 நயா பைசா. ஏழேகாலுக்கு இறங்கினோம். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு மூன்று மைல். பஸ்ஸில் போனால் 15 பைசாதான். ஆனால் சீசனில் பஸ்ஸுக்குள் நிற்க முடியாது, தொங்கத்தான் வேண்டும். காலேஜ் படிக்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு தொங்குவது சரியல்ல என்று மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே நின்ற குதிரை வண்டி ஒன்றைப் பேசினேன். அருவிக்கும் ஐந்தருவிக்கும் போய்த் திரும்ப இரண்டரை ரூபாய்.

வண்டிக்காரர் பெயர் இசக்கிமுத்து. நாற்பது வயது இருக்கும். குதிரையின் நெற்றியில் சிவப்புக் குஞ்சம் கட்டியிருந்தார். மேலகரம் தாண்டும்போது ஒரு சந்தைக் காட்டி, "அங்கனதான் நம்ம வீடு அண்ணாச்சி" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "வீட்டுல அவளுக்கு இளைப்பு. இந்தச் சாரல் வந்துட்டா போதும், ராத்திரி முழுக்க உக்காந்தே இருப்பா. படுத்தா மூச்சு முட்டுது. பெரியாஸ்பத்திரில மாத்திரை தாராவ. பதினஞ்சு நாளைக்கு ஒருக்க வரிசைல நிக்கணும்."

நான் தலையை ஆட்டிவைத்தேன். அதோடு நின்றிருக்கலாம்.

பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. எண்ணெய் தேய்த்துவிட எட்டணா கேட்டார்கள், ஆறணாவுக்கு ஒத்துக்கொண்டார்கள். குளித்து, நாலு இட்லியும் ஒரு காப்பியும் முடித்து, மங்குஸ்தான் பழம் ஆறு வாங்கிக்கொண்டு ஐந்தருவிச் சாலையில் போனோம். அருவியில் குளித்துவிட்டு வந்தவனுக்கு உலகத்தில் தெரியாதது எதுவுமில்லை என்று ஒரு நினைப்பு வரும் பாருங்கள், அந்த நினைப்பில் இருந்தேன்.

ஒன்றரை மைலில் இடது பக்கம் பாழடைந்த ஒரு துரை பங்களா இருக்கிறது. ஓடு பாதி இல்லை. அதன் பின்னால் மேடு ஏறி, நூறு கெஜத்தில் காடு. "எப்பா, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் கோமதி. அவளுக்கு முன்னால் எனக்கு வாசனை வந்துவிட்டது. மல்லிகை மாதிரி, ஆனால் மல்லிகை இல்லை. இசக்கிமுத்துவும் குதிரையை மரத்தில் கட்டிவிட்டு எங்களோடு ஏறிவந்தார்.

இடுப்பளவு உயரத்தில் புதர். இலைகள் எதிரெதிராக, இரண்டிரண்டாக. ஒவ்வொரு இலைக் கணுவிலும் ஜோடி ஜோடியாகப் பூ. மெல்லிய குழல், நுனியில் இரண்டாகப் பிளந்து, மேல் உதடு அகலமாகவும் கீழ் உதடு நாக்கு மாதிரியும். குழலுக்குள்ளிருந்து கேசரங்கள் மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விசேஷம் என்னவென்றால், ஒரே கொப்பில் பாதிப் பூ வெள்ளை, பாதிப் பூ பொன் மஞ்சள். நான் ஒரு பூவைக் கிள்ளி அடியை உறிஞ்சினேன். ஒரு சொட்டுத் தேன்.

"இது என்னதுப்பா?" என்று கோமதி கேட்கவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியல. காலேஜ்ல காட்டிக் கேக்கணும்" என்று அவளாகச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு வாய் நமநமத்தது.

"இதுல கேக்க என்னட்டி இருக்கு? வெள்ளி ஒண்ணு, தங்கம் ஒண்ணு. சித்தருக பஸ்பம் பண்ணுத ரெண்டும் ஒரே கொப்புல இருக்கு. பொதிகை மலைல மட்டும்தான் இது கெடைக்கும். நான் படிச்சிருக்கேன்" என்றேன். எதைப் படித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

இசக்கிமுத்து பக்கத்தில் வந்து நின்றார். "இது எதுக்குக் கேக்கும் அண்ணாச்சி?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் அவர் முகம் மலரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னேன். "இளைப்புக்குத்தான். பத்துப் பூவ வெந்நில போட்டு, காலைல வெறும் வயித்துல குடிக்கச் சொல்லும். ஒரு மண்டலம். வேற மருந்து கூடாது. ரெண்டும் ஒண்ணோடொண்ணு சண்டை போடும்."

பங்களாக் காவல்காரர், செங்கோட்டைக்கு மேற்கே உள்ள மலையாளத்துக்காரர், கையில் மண்வெட்டியோடு வந்தவர் இதைக் கேட்டுவிட்டார். "ஐயோ, மருந்தொண்ணுமில்ல சாரே. பண்டு இங்க இருந்த மதாம்ம வச்ச செடியாக்கும். வேலிக்கு வச்சது" என்றார். கீழே கிடந்த கல் வரிசையைக் காலால் தட்டிக் காட்டினார். உண்மைதான், புதர் முழுக்க ஒரே நேர்கோட்டில் போயிற்று. காடு எங்காவது நூல் பிடித்து முளைக்குமா? ஆனால் நான் என்ன சொன்னேன்? "துரைசாணி நம்ம மலைலேருந்து எடுத்து வச்சிருப்பா. உமக்கு என்னவே தெரியும்?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். இசக்கிமுத்து துண்டு நிறையப் பூப் பறித்தார். இறங்கும்போது, "பூவுக்கே இம்புட்டு வாசம்னா, காய்க்கு எம்புட்டுக் கொணம் இருக்கும்!" என்று வேறு ஒரு வார்த்தையை விட்டேன். கோமதி ஒரு கொப்பை மட்டும் காகிதத்தில் வைத்து அமுக்கினாள். பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டாள். எனக்கு அதில் கொஞ்சம் கோபம்.

அடுத்து நாலு மாதம் நான் சுகமாகத்தான் இருந்தேன்.

தீபாவளி லீவுக்குக் கோமதி வந்தாள். தீபாவளி கழிந்து இரண்டாம் நாள் காலையில் என் முன்னால் ஒரு நோட்டை விரித்து வைத்தாள். காய்ந்த கொப்பு, கீழே பெயர்: ஹனிசக்கிள். "சீனா, ஜப்பான் பக்கத்துச் செடியாம்பா. வெள்ளக்காரங்க அழகுக்காகக் கொண்டாந்து வச்சது. பூ ரெண்டு நிறம் இல்ல. இன்னைக்கு வெள்ளையாப் பூத்தது நாளைக்கு மஞ்சளாயிரும், அவ்வளவுதான். கொடியினம், ஏறுததுக்கு ஒண்ணும் கெடைக்காம புதராக் கெடக்கு. நீலகிரி உசரத்துல நம்ம நாட்டு வகை ஒண்ணு உண்டாம். இலையப் பாத்துட்டு, இது அது இல்லன்னு டீச்சர் சொன்னாங்க."

"சரி, மருந்துக்கு?"

"சீனாவுல பூவ மருந்துக்கு எடுப்பாங்களாம். எப்படி, எவ்வளவுன்னு தெரிஞ்சவங்க எடுப்பாங்க." சற்று நிறுத்தினாள். "ஆனா காய் ஆகாதாம்பா. தின்னா வாந்தி, வயித்துப்போக்கு. ஐப்பசில கறுப்பாப் பழுக்குமாம். இப்ப ஐப்பசிதான்."

கையில் இருந்த தீபாவளி அதிரசத்தைத் தட்டில் வைத்தேன். இசக்கிமுத்துவின் துண்டு கண்முன் வந்தது. மறுநாள் கோமதியையும் கூட்டிக்கொண்டு அதே ஆறரை மணி பஸ். 45 பைசாவில் மாற்றமில்லை. என் மனைவி கடைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஐப்பசியில் தென்காசியில் வண்டிகள் சும்மா நிற்கும். சிவப்புக் குஞ்சத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தார்.

"வைத்தியரய்யா! வாங்க, வாங்க! உங்களத் தேடிச் சுரண்டைக்கு வரணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஏறுங்க. நீயும் ஏறு தாயி."

வைத்தியரய்யா! என் வாழ்க்கையில் இந்தப் பட்டம் எத்தனை நாளாக வேண்டியிருந்தது தெரியுமா? வந்த நேரத்தைப் பாருங்கள். மற்ற வண்டிக்காரர்களிடம், "நான் சொன்னேம்லா, அவுகதான்" என்று வேறு காட்டினார். கூலி பேசப் போனேன். "உங்ககிட்ட துட்டு வாங்கினா என் கை வெளங்குமா?" என்றார். ஏறி உட்கார்ந்தேன். இங்கேயே, ஏறுவதற்கு முன்னால், சொல்லியிருக்க வேண்டும். கோமதி என் முழங்கையை இடித்தாள்.

"வீட்டுல எப்படி இருக்காவ?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா இளைப்பே இல்ல வைத்தியரய்யா! நீங்க சொன்ன மாதிரி ஆஸ்பத்திரி மாத்திரைய அன்னைக்கே நிறுத்திட்டேன். பூத்தண்ணிதான்."

ஆவணியோடு சாரல் நின்றுவிடும். வெயில் வந்தால் இளைப்பும் அடங்கும். அது எனக்கும் தெரியும், எவருக்கும் தெரியும். ஆனால் இப்போது வானம் மூடிக்கொண்டு தூற்றல் விழுந்துகொண்டிருந்தது.

"முந்தாநாளு மழை தொடங்கினதுலேருந்து லேசா இழுக்குது. அதுக்கென்ன, காய் பழுத்துட்டுல்லா? நேத்து போய்ப் பறிச்சிட்டேன்." உட்காரும் பலகைக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் மடியில் வைத்தார். அவிழ்த்தேன். மிளகைவிடப் பெரிதாக, பளபளவென்று, கறுப்புக் காய்கள். அரைப்படி இருக்கும். "இன்னைக்கு அரைச்சுக் குடுக்கணும். எத்தனைன்னு நீங்க சொல்லல. நீங்களே வந்துட்டிய. சாமி கொண்டாந்து விட்டிருக்கு."

தென்காசிக்கும் மேலகரத்துக்கும் நடுவே எத்தனை தந்திக் கம்பம் என்று யாராவது தெரிந்துகொள்ள வேண்டுமானால் என்னைக் கேளுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, அடுத்த கம்பத்தில் சொல்லிவிடுவோம் என்று இருந்தேன். ஒரு கட்டத்தில் வாயைத் திறந்து, "இந்த வருஷம் காய்க்கு அவ்வளவு வீரியம் இருக்காது" என்று ஆரம்பித்தேன். மழை ஜாஸ்தி, மண் சரியில்லை என்று வைத்தியன் மாதிரியே தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காலியாக விட்டிருந்த அந்தப் பெயர் இடம் மாதிரி இருந்தது அவள் முகம்.

"வண்டிய நிறுத்தும் இசக்கிமுத்து" என்றேன்.

"ஏலே நில்லுலே!" என்று குதிரையை நிறுத்தினார். "என்ன வைத்தியரய்யா?"

"நான் வைத்தியன் இல்ல. அந்தப் பூவப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. அன்னைக்கு வாய்க்கு வந்தத அடிச்சு விட்டேன். அது சீனாக்காரன் ஊருச் செடி. காவக்காரரு சொன்னதுதான் சரி; துரைசாணி வச்ச வேலி. இந்தக் காய் வெஷம். குடுத்துராதீரும்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. சிரித்தார். "வெளையாடாதிய." பிறகு கோமதியைப் பார்த்தார். அவள், "நெசந்தான் மாமா. காலேஜ்ல கேட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள்.

சிரிப்பு போக நேரம் ஆயிற்று. "அப்போ மாத்திரைய நிறுத்தச் சொன்னது?"

"அதுவும்தான்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும். அவர் முடிச்சை என் மடியிலிருந்து எடுத்து, இறங்கி, வாய்க்காலில் கொட்டிவிட்டு, துணியை இரண்டு தடவை அலசினார். பிறகு வண்டியை மேலகரத்துச் சந்துக்குள் திருப்பினார். நாங்கள் இருப்பதை மறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

அவர் மனைவி பேச்சியம்மாள் வாசல் படியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். மூச்சு விசில் மாதிரி தெருவரைக்கும் கேட்டது. லேசாக இழுக்கிறது என்றாரே, அது இதுதான். இசக்கிமுத்து விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, மூச்சு வாங்கி வாங்கி, "நல்லா வாசமா இருந்துச்சு... அண்ணாச்சி. ஒரு நாளு விடாமக் குடிச்சேன்... வரிசைல நிக்காண்டாம்னு இருந்துச்சு" என்றார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நன்றி மாதிரிதான் சொன்னார்.

அவரையும் ஏற்றிக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். நானும் கோமதியும் முன்பக்கம் ஒடுங்கிக்கொண்டோம். குதிரையை அவ்வளவு வேகமாக விரட்டி நான் பார்த்ததில்லை; கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டர் ஊசி போட்டு வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார். சின்ன வயசு டாக்டர். "மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?" என்று இசக்கிமுத்துவிடம் கேட்டார்.

நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். இசக்கிமுத்து என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரோ ஒருத்தரு, பூத்தண்ணி குடிக்கச் சொன்னாரு சார்."

"யாருய்யா அந்த ஒருத்தர்? அவரைக் கூட்டிட்டு வாங்க. நான் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

எதிர்ச் சுவரில் அம்மை குத்திக்கொள்ளச் சொல்லி ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. அதை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். முழுவதையும். கீழே அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்தேன். படித்து முடித்துத் திரும்பியபோது டாக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்குப் பேச்சியம்மாளுக்கு மூச்சு சீரானது. மாத்திரைச் சீட்டும் கிடைத்தது. வெளியே வந்தோம். தூற்றல் விட்டிருந்தது. நான் இரண்டு ரூபாயை நீட்டினேன். காலையில் கை விளங்காது என்றவர், வாங்கி மடியில் செருகிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "எறங்குங்க சார். சுரண்டை பஸ் நிக்கி" என்றார்.

ஆனியில் அண்ணாச்சி. காலையில் வைத்தியரய்யா. இப்போது சார்.

பஸ்ஸில் கோமதிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பாதி வழியில் வெளியே பார்த்தபடியே, "அவருகிட்ட சொல்லிட்டிய. டாக்டர்கிட்டயும் சொல்லியிருக்கலாம்பா" என்றாள். நான் டிக்கெட்டைப் பொட்டலம் மாதிரி மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

இனி, போகிறவர்களுக்கு. குற்றாலம் போக ஆனிக் கடைசியிலிருந்து ஆவணி முதல் வாரம்வரை நல்ல காலம். ஐப்பசியிலும் தண்ணீர் இருக்கும். கூட்டம் இருக்காது, ஆனால் அருவி கலங்கி விழும், சில நாள் குளிக்க விடமாட்டார்கள். இளைப்புக்காரர்களைச் சாரலில் கூட்டிப் போகாதீர்கள். போனால் மாத்திரையை மறக்காதீர்கள். ஐந்தருவிச் சாலையில் ஒன்றரை மைலில் இடது கைப்பக்கம் அந்தப் பங்களா. பின்னால் மேடேறினால் செடியைப் பார்க்கலாம். எதிரெதிர் இலை, ஜோடிப் பூ, இரண்டு உதடு, முதல் நாள் வெள்ளை, மறுநாள் மஞ்சள். முற்றிய தண்டை ஒடித்தால் உள்ளே துளையாக இருக்கும். முக்கியமாக, கீழே குனிந்து பாருங்கள். நேர்கோட்டில் கல் இருந்தால் அது காட்டுச் செடி இல்லை, யாரோ வைத்தது. பூவை முகர்ந்து பார்ப்பதோடு விட்டுவிடுங்கள். காயைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். காவல்காரர் ஏதாவது சொன்னால் நின்று கேளுங்கள்.

என் கடையில் இப்போதும் பழைய பத்திரிகை வாங்குகிறேன். வைத்தியப் பக்கம் வந்தால் அதில்தான் முதலில் புளியைப் பொட்டலம் கட்டுகிறேன்.

தென்காசியில் வண்டி பேசுவதாக இருந்தால், மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே சிவப்புக் குஞ்சம் கட்டிய குதிரையைத் தேடுங்கள். நியாயமான கூலி, நிதானமான ஆள். கார்த்திகையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்த வண்டியில் போயிருக்கிறார். பங்களா வந்ததும் இசக்கிமுத்து வண்டியை நிறுத்தி, அந்தப் புதரைக் காட்டி, "இதத் தொடாதிய. இது மருந்துன்னு யாரோ ஒருத்தரு சொல்லி, என் வீட்டுல அவ சாகப் பாத்தா" என்று சொன்னாராம். ஏறுகிற எல்லாரிடமும் சொல்கிறாராம். உங்களிடமும் சொல்வார். பெயர் சொல்லமாட்டார்.

அந்த ஒருத்தர் நான்தான்.